மாதிரி அறையில் ஓர் அலுமாரி

உக்குவளையில் ரயில் பாதைக்கு மேற்புறம், ஒரு காலத்தில் கராம்பு உலர்த்திய களஞ்சியம் ஒன்று இருக்கிறது. குடியையும் போதைத் தூளையும் விட்டவர்களுக்கு வீடு கொடுப்பதற்கென்று அமைக்கப்பட்ட மறுவாழ்வு வதிவிடச் சபை அதைப் பொறுப்பேற்று, பலகைச் சுவர்களால் அறைகளாகப் பிரித்து, வெள்ளையடித்து, 'விடியல் இல்லம்' என்று பெயர்ப்பலகை மாட்டியது. கராம்பு வாசம் மட்டும் போகவில்லை. அது வெற்றியின் நறுமணம் என்று சபையின் தலைவர் ஒரு கூட்டத்தில் குறிப்பிட்டார்.

இந்த இல்லத்துக்குத் தெரிவுசெய்யப்பட்ட முதல் ஆள் லோரன்ஸ். மேலே தோட்டத்தில் றப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவன். மனைவி ஜூலியட் இறப்பதற்கு முன்பும் குடித்தான், இறந்த பிறகும் குடித்தான். மகள் ஷெனாலியை ஜூலியட்டின் அக்கா மார்ஜரி பல்லேபொலைக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று, அவன் வாசற்படியில் விழுந்து கிடந்தான். பிள்ளை அவனைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டியிருந்தது. அது அவனுக்கு ஞாபகம் இல்லை. மார்ஜரி சொல்லித்தான் தெரியும்.

சிகிச்சை முடிந்து வந்ததும் அவன் நேரே பல்லேபொலைக்குப் போனான். மார்ஜரி தேத்தண்ணி கொடுத்தாள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் அவனுடைய ஒற்றை அறைக் காம்பராவின் பின்சுவரோடு ஒட்டித்தான் கசிப்பு என்னும் கள்ளச்சாராயத்தைக் காய்ச்சுகிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

"அந்தக் காம்பராவுக்குப் பிள்ளைய அனுப்ப மாட்டேன் லோரன்ஸ்" என்றாள் மார்ஜரி. "வேற எங்கயாவது ஒனக்குன்னு ஒரு கதவு இருக்கட்டும். அன்னைக்கு நானே கூட்டிட்டு வந்து விடுறேன்."

கதவு கிடைத்தது. சபையின் இணைப்பாளர் ஷியாம் அதைத் திறந்து காட்டினார். உள்ளே மெத்தையோடு ஒரு கட்டில், ஓர் எரிவாயு அடுப்பு, ஒரு மேசை, ஓர் அலுமாரி. இது மாதிரி அறை என்றும், திறப்பு விழாவில் விருந்தினர்கள் பார்க்கப்போவது இதைத்தான் என்றும், ஆகவே விழா முடியும்வரை மெத்தையின் பொலித்தீன் உறையைக் கழற்ற வேண்டாம் என்றும் ஷியாம் சொன்னார். அடுப்பில் முதலில் பால்தான் பொங்க வேண்டும். அதனால் அதையும் பற்றவைக்கக்கூடாது. கழிவறையின் தரை ஓடுகள் புதியவை. ரயில் நிலையத்தில் ஒன்று இருக்கிறது, அதிக தூரமில்லை.

லோரன்ஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்தான். கடையில் சாப்பிட்டான். விழா தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒருமுறை பிரதம அதிதி வெளிநாடு போய்விட்டார். இன்னொருமுறை சுபநேரம் அதிகாலையில் வந்தது, தலைவருக்கு ஒத்துவரவில்லை. லோரன்ஸ் பொறுமையாக ரயில் நிலையத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தான். நிலைய அதிபர் அவனை நாள்தோறும் கொழும்புக்குப் போய்வருகிற உத்தியோகத்தர் என்று நினைத்து மரியாதையாகத் தலையசைக்கத் தொடங்கினார்.

அலுமாரியைப் பாவிக்க வேண்டாமென்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதன் கீழ்த்தட்டை லோரன்ஸ் ஷெனாலிக்கு ஒதுக்கினான். வாத்துப் படம் போட்ட துவாய் ஒன்று வாங்கி மடித்து வைத்தான். பக்கத்தில் ஒரு சீப்பு. வேறு என்ன வாங்குவதென்று அவனுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவான்.

அடுத்த அறையில் பவாஸ் இருந்தார். மாத்தளைக் கடைவீதியில் மிளகு, ஏலம் வாங்கி விற்ற குடும்பம். கடை முழுவதும் தூளாகப் புகைந்து போயிருந்தது. அவருடைய அறை மாதிரி அறை அல்ல. ஆகவே அதில் கட்டிலும் இல்லை, பூட்டும் இல்லை. மீண்டவர்களிடம் ஒளிப்பதற்கு எதுவும் இருக்கக்கூடாது என்பது சபையின் கொள்கை. மாதிரி அறைக்கு மட்டும் பூட்டுப் போட்டிருந்தார்கள். படத்தில் கண்ணியமாக இருக்கும் என்பதற்காக.

"தம்பிக்கு மெத்த ஈக்கு, படுக்க ஏலாது. எனக்கு மெத்தயே இல்ல, படுக்கலாம்" என்பார் பவாஸ். "ரெண்டு பேர்ல யாருக்கு அதிர்ஷ்டம் எண்டு நீங்களே செல்லுங்க."

கடைசியில் விழாவைப் போயா என்னும் பௌர்ணமி தினத்தில் வைப்பதென்று சபை தீர்மானித்தது. போயாவில் நாடு முழுவதும் தவறணைகளும் மதுக்கடைகளும் மூடியிருக்கும். மதுவை வென்ற இல்லத்தைத் திறக்க அதைவிடப் புனிதமான நாள் கிடையாது என்றார் தலைவர். அழைப்பிதழ்கள் போன பிறகுதான் இரண்டு சிக்கல்கள் தெரியவந்தன. நான்கு மத குருமாரும் ஆசி வழங்குவதாக அச்சடித்திருந்தார்கள்; ஆனால் போயா தினத்தில் விகாரையை விட்டு வெளியே வர முடியாதென்று பௌத்த பிக்கு சொல்லியனுப்பினார். இதைச் சபையால் தாங்க முடிந்தது. இரண்டாவது சிக்கல்தான் பெரியது. விழா முடிந்ததும் பிரதம அதிதிக்கு அரசாங்க விருந்தினர் விடுதியான சேர்க்கிட் பங்களாவில் இராப்போசனம் ஏற்பாடாகியிருந்தது. மதுக்கடைகளோ மூடியிருக்கும்.

போயாவுக்கு முந்திய நாள் பின்னேரம் ஷியாம் த்ரீவீலில் வந்து இறங்கினார். சாரதியும் அவருமாக ஒரு பிஸ்கட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாதிரி அறைக்குள் வந்தார்கள். பெட்டி பிஸ்கட்டைவிடக் கனமாக இருந்தது. வைக்கும்போது சத்தமும் வேறாக இருந்தது. லோரன்ஸுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

"ஒரு ராத்திரிக்குத்தான் லோரன்ஸ்" என்றார் ஷியாம்.

"சேர், இது வந்து..."

"பங்களா காவல்காரன் குடிப்பான். டிரைவர் குடிப்பான். ஆஃபீஸ்ல வச்சா யார் குடிப்பாங்கன்னு எனக்கே தெரியாது. யோசிச்சுப் பாருங்க, குடிக்க மாட்டார்னு சர்ட்டிபிகேட் இருக்கிற ஆளு இந்த மாவட்டத்துலயே நீங்க ஒருத்தர்தான். பூட்டும் இருக்கு."

"என்னால முடியாதுங்க சேர். வேணாங்க."

ஷியாம் அவனைக் கருணையோடு பார்த்தார். தலைவரே அவன்மீது நம்பிக்கை வைத்துச் சொன்னதாகவும், இந்த நம்பிக்கையை மறுப்பது குணமடைவதற்கு நல்ல அடையாளமல்ல என்றும், நாளைக்கு அறை அதிகாரபூர்வமாகக் கையளிக்கப்படும் நேரத்தில் இதையெல்லாம் ஒரு பிரச்சினையாக்க வேண்டாமென்றும் விளக்கினார். பிறகு குனிந்து, அலுமாரியின் கீழ்த்தட்டில் போத்தல்களை ஒவ்வொன்றாகப் படுக்கவைத்தார். வாத்துத் துவாயை எடுத்து மேலே போர்த்தினார். கண்ணாடி ஒன்றோடொன்று உரசாமல் இருக்கும் என்றார். வெறும் பெட்டியைத் திரும்பக் கொண்டுபோனார், அது அலுவலகத்துக்குச் சொந்தமானது.

லோரன்ஸ் அறையைப் பூட்டிச் சாவியைப் பவாஸிடம் கொடுத்தான். காரணம் கேட்காமல் பவாஸ் சாவியை வாங்கித் தொப்பிக்குள் வைத்துத் தலையில் போட்டுக்கொண்டார். இருவரும் வெளியே வீதியோர மதகுச் சுவரில் போய் உட்கார்ந்தார்கள். விடியும்வரை அங்கேயே இருந்தார்கள். ஒரே ஒரு தடவை லோரன்ஸ் எழுந்து நின்றான். "உக்காருங்க தம்பி" என்றார் பவாஸ். உட்கார்ந்தான்.

விழா பிரமாதமாக நடந்தது. மார்ஜரி சொன்னபடியே ஷெனாலியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள், ஒரு சிறிய பையோடு. பிள்ளை வளர்ந்திருந்தாள். நீலச் சட்டை. அப்பாவை நெருங்கி வராமல் பெரியம்மாவின் பின்னால் நின்று சிரித்தாள். அதற்குள் ஷியாம் வந்து, மீண்ட தந்தையின் மகள் வெற்றிலை கொடுத்துப் பிரதம அதிதியை வரவேற்பது உருக்கமாக இருக்கும் என்று அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

மூன்று குருமார் ஆசி வழங்கினார்கள். நான்காவது நாற்காலிக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. மாதிரி அறையின் அடுப்பில் பால் பொங்கியது. ஆளுயர அட்டைச் சாவி ஒன்றை லோரன்ஸின் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். தலைவர் பேசினார்.

"இங்கே கூடியிருக்கும் நாம் ஒவ்வொருவரும் ஒரு லோரன்ஸ்தான். நமக்கும் அவருக்கும் உள்ள ஒரே வித்தியாசம், நமக்கு வீடு இருக்கிறது என்பதே. நான் மாலையில் வீட்டுக்குப் போனால் என் மனைவி ஒரு கிளாஸும் ஐசும் எடுத்து வைப்பார். அந்தப் பாதுகாப்பு லோரன்ஸுக்கு இருந்திருந்தால் அவர் வழிதவறியிருப்பாரா? கௌரவமான கூரையின் கீழே எதுவும் கெட்ட பழக்கம் ஆவதில்லை. அந்தக் கூரையைத்தான் நாம் இன்று கொடுக்கிறோம்."

கைதட்டினார்கள். பிரதம அதிதி கொழும்பிலிருந்து வந்தவர், எதையும் தொட்டுப் பார்க்கும் பழக்கமுள்ளவர். மாதிரி அறைக்குள் நுழைந்து மெத்தையை அமுக்கினார். பொலித்தீன் சத்தமிட்டது. சுவரைத் தட்டினார், சுவர் ஆடியது. பிறகு அலுமாரியைத் திறந்தார். வாத்துத் துவாயைப் பார்த்ததும் அவர் முகம் கனிந்தது.

"இது மகளுக்கா?" என்று கேட்டுக்கொண்டே துவாயைத் தூக்கினார்.

லோரன்ஸ் ஷியாமைப் பார்த்தான். ஷியாம் தன் சப்பாத்தைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார். கராம்பு வாசம் கனமாக வந்தது. லோரன்ஸ் காத்திருந்தான். யாராவது ஒருவர் இப்போது சொல்லிவிடுவார் என்று அவன் உண்மையாகவே நம்பினான். யாரும் சொல்லாதபோது அவனே சொன்னான்.

"சேர், இது ஷியாம் சேர் நேத்துக் கொண்டாந்து வச்சது. ராத்திரி விருந்துக்குன்னு."

சபையின் உளவளத் துணையாளர் ரஜனி ஒரு பெருமூச்சு விட்டார். மற்றவர்மீது பழி போடுவது மீள்வீழ்ச்சியின் மிகத் தெளிவான அறிகுறி என்றும், பெரும்பாலும் தங்களுக்கு அதிகம் உதவியவரையே இவர்கள் குற்றம் சாட்டுவார்கள் என்றும் அதிதிக்கு விளக்கினார். எல்லோரும் ஷியாமைப் பரிவோடு பார்த்தார்கள். அவர் அதைப் பொறுமையாகத் தாங்கிக்கொண்டதை அதிதியே பாராட்டினார்.

கதவருகில் நின்ற பவாஸ், ஒரு போத்தலிலும் மூடி திறபடவில்லையே என்று கேட்டார். திறக்காமல் வைத்திருப்பதுதான் மிக ஆபத்தான கட்டம் என்றார் ரஜனி. தன்னை ஊதவைத்துப் பார்க்கும்படி லோரன்ஸ் கேட்டான். விழாக் கடமைக்கு வந்திருந்த பொலிஸ் சார்ஜனிடம் மது சோதிக்கும் பலூன் இருந்தது. ஆனால் அது வாகனம் ஓட்டுகிறவர்களுக்கு மட்டுமே உரியது, இவருக்கு வாகனம் எதுவும் இல்லையே என்று சார்ஜன் வருத்தப்பட்டார்.

தலைவர் இப்போது கூரையிலிருந்து பார்வையை இறக்கினார். அவர் கலங்கவில்லை.

"இதற்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. யாருமே விழவில்லை என்றால் இந்தச் சபைக்கு இங்கே என்ன வேலை? குடிக்காத ஆட்களுக்கு வீடு கொடுக்க வேறு திணைக்களங்கள் இருக்கின்றன. இவர் விழுந்ததன் மூலம் நமது சேவை எவ்வளவு அவசியம் என்பதை நிரூபித்திருக்கிறார். ஓர் இல்லம் போதாது என்பதே இதன் பொருள்."

அதிதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கலேவெலையில் இரண்டாவது இல்லம் ஒன்றுக்கு அங்கேயே இணக்கம் தெரிவித்தார். மறுபடியும் கைதட்டினார்கள். கைப்பற்றப்பட்ட போத்தல்களை முறைப்படி அழிக்கும் பொறுப்பைத் தலைவரே ஏற்றார். அன்றிரவு சேர்க்கிட் பங்களாவில், பிரதம அதிதியின் முன்னிலையில், அந்தக் கடமை முழுமையாக நிறைவேறியது.

லோரன்ஸ் வெளியே வந்தபோது மார்ஜரியும் பிள்ளையும் போய்விட்டிருந்தார்கள். வாசலில் ஒரு வெற்றிலை கிடந்தது.

விதிப்படி, விழுந்தவர் இல்லத்தில் இருக்க முடியாது. அவன் தோட்டத்துக் காம்பராவுக்கே திரும்பிப் போனான். அடுத்த ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து வரும் நேரம் பார்த்துப் பல்லேபொலைக்குப் போய் மார்ஜரியிடம் நடந்ததையெல்லாம் சொன்னான். அவள் முழுவதையும் கேட்டாள்.

"நம்புறதா வேணாமான்னு எனக்குத் தெரியல" என்றாள். "ஆனா ஒன் மூஞ்சி குடிச்ச மூஞ்சி இல்ல. அத நான் நிறையப் பாத்திருக்கேன். போ. மொதல்ல கதவு கிடைக்கட்டும்."

அது போதும் என்று அவன் திரும்பினான். காம்பராவின் பின்சுவருக்கு அப்பால் மாலைதோறும் கசிப்பு அடுப்பு மூண்டது. சுவர் சூடேறும். வாசம் வரும். அவன் வெளியே வந்து றப்பர் மரங்களுக்குள் நடந்தான். எத்தனை மாலை அப்படி நடந்தான் என்பதை எந்தச் சபையும் ஆய்வு செய்யவில்லை.

ஒருநாள் ரஜனி வந்தார். அவர் கெட்ட மனிதரல்ல, படித்ததை மறக்காதவர். திரும்ப இல்லத்துக்கு வர ஒரே வழிதான் இருக்கிறது என்றார். விழுந்ததை வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். குடிக்கவில்லை என்று லோரன்ஸ் சொல்லச் சொல்ல, அவர் குறிப்பெடுத்துக்கொண்டே வந்தார். மறுப்பு என்பது நோயின் பகுதி. ஆகவே அவன் எவ்வளவு உறுதியாக மறுக்கிறானோ அவ்வளவு கடுமையாக நோய் இருக்கிறது.

"அப்ப நான் குடிச்சேன்னு சொன்னா குணமாயிட்டேன்னு அர்த்தமா மிஸ்?"

"அதுதான் முதல் படி" என்றார் ரஜனி, முகம் மலர்ந்து.

இல்லத்துக்குப் போய் பவாஸிடம் கேட்டான். பவாஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "செல்லிப்போடுங்க தம்பி. ஒரு வார்த்த. நாளைக்குப் புள்ள வந்து அந்தத் துவாயால தல தொடச்சா, அல்லாஹ்வுக்குத் தெரியும் எது உண்ம எண்டு."

கலேவெலையில் இரண்டாவது இல்லத்துக்கு அடிக்கல் நாட்டும் விழாவில் லோரன்ஸின் சாட்சியம் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கப்பட்டது. அவன் மேடையேறியபோதுதான் முன்வரிசையைப் பார்த்தான். குடும்பத்தினர் உடனிருப்பது உருக்கமாக இருக்கும் என்று சபை வாகனம் அனுப்பி மார்ஜரியையும் ஷெனாலியையும் அழைத்து வந்திருந்தது. அவனிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

ஒலிவாங்கி முன்னால் நின்று அவன் வெகுநேரம் பேசவில்லை. கூட்டம் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டது. பிறகு, குடித்தேன் என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எப்போது, எப்படி என்று ரஜனி மேடையிலிருந்தே மெதுவாகக் கேட்டுக் கேட்டு உதவினார். குடிக்காத குடிக்கு விவரம் சொல்ல அவனிடம் எதுவும் இல்லை. ஆகவே இருப்பதைச் சொன்னான். வாசற்படியில் விழுந்து கிடந்ததைச் சொன்னான். பிள்ளை தன்னைத் தாண்டிப் போனதைச் சொன்னான். அவளுடைய கால் தன் தோளில் பட்டதாகக்கூடச் சொன்னான். அதுவரை ஞாபகத்தில் இல்லாத அது, சொல்லும்போது ஞாபகம் வந்தது. அவன் அழுதான். ஷியாமும் அழுதார்.

சபையின் வரலாற்றில் இப்படியொரு சாட்சியம் கேட்டதில்லை என்று தலைவர் அறிவித்து, விடியல் இல்லத்தின் மாதிரி அறையை அங்கேயே லோரன்ஸுக்குத் திருப்பிக் கொடுத்தார். இந்தமுறை அட்டைச் சாவி இல்லை. உண்மையான சாவி.

அவன் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மார்ஜரியிடம் போனான். ஷெனாலி முகத்தை அவள் சேலையில் புதைத்திருந்தாள்.

"கதவு கிடைச்சிருச்சுக்கா."

மார்ஜரி சாவியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"ரெண்டுல எது பொய் லோரன்ஸ்? அன்னைக்கு எங்கிட்டச் சொன்னதா, இப்ப மைக்ல சொன்னதா?"

"மைக்ல சொன்னதுக்கா. வீட்டுக்காகத்தான்..."

"புள்ளைக்கு முன்னாடி இவ்வளவு அழுது பொய் சொல்ல முடியுமா ஒன்னால?"

முடியும் என்று அவன் சொன்னாலும் பிள்ளை வராது. முடியாது என்றாலும் வராது. மார்ஜரி கோபப்படவில்லை. அவன் தோளைத் தொட்டுவிட்டுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு தம்புள்ளை வீதிப் பக்கம் நடந்தாள். சபை வாகனம் வருவதற்கு மட்டும்தான், திரும்புவதற்கு அல்ல.

லோரன்ஸ் இப்போது மாதிரி அறையில் இருக்கிறான். மெத்தையின் உறையைக் கழற்றலாமா என்று கேட்டிருக்கிறான், பதில் இன்னும் வரவில்லை. வாடகை குறைவு. கழிவறையைப் பாவிக்க அனுமதி உண்டு. பார்வையாளர்கள் அடிக்கடி வருகிறார்கள். மீண்டு, விழுந்து, ஒப்புக்கொண்டு, மறுபடி மீண்ட ஒருவரைச் சபை அவர்களுக்குக் காட்டுகிறது.

சென்ற வாரம் ஒரு பின்னேரம் கதவு தட்டப்பட்டது. ஷியாம் நின்றார், பின்னால் த்ரீவீல் சாரதி. இருவருக்கும் நடுவில் ஒரு பிஸ்கட் பெட்டி. மறுநாள் போயா. ஷியாம் சற்றுத் தயங்கினார். பழையதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும், இந்தமுறை யாரும் அலுமாரியைத் திறக்க மாட்டார்கள் என்றும், அவனைத் தவிர வேறு யாரையும் நம்ப முடியவில்லை என்றும் சொன்னார்.

லோரன்ஸ் பெட்டியைப் பார்த்தான். பவாஸின் அறைக் கதவு திறந்து கிடந்தது; அவர் தொழுகைக்குப் போயிருந்தார். லோரன்ஸ் அலுமாரியைத் திறந்து, கீழ்த்தட்டிலிருந்த துவாயை எடுத்தான், சீப்பை எடுத்தான், இரண்டையும் கட்டிலின் பொலித்தீன்மேல் வைத்தான்.

"வைங்க சேர்" என்றான். "எடம் இருக்கு."